பலாவ் ஜெல்லி மீன் ஏரி: நூறு டாலர் பெர்மிட் தகுமா?

நல்ல வெயில் அடிக்கும் நாளில், காலை பத்து மணி வாக்கில், ஏரியில் ஜெல்லி மீன் நிறைந்திருக்கும் பருவத்தில் போனால் தகும். இந்த மூன்றில் இரண்டு தவறினாலும், சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் போய்ப் பச்சைத் தண்ணீரில் மிதந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். டூர் விற்பவர்கள் இந்த மூன்றில் ஒன்றைக்கூட வாயைத் திறந்து சொல்வதில்லை. தண்ணீரே தெரியாத அளவுக்குக் குடை போன்ற மஞ்சள் ஜெல்லி மீன்கள் மொய்க்கும் ஒரு படத்தைக் காட்டி முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். ஏரி எப்போதும் அப்படி இருப்பதில்லை.

ஏரி இருப்பது பசிபிக் தீவு நாடான பலாவில், கொரோர் மாநிலத்தைச் சேர்ந்த மெச்செர்ச்சார் தீவின் நடுவே. சுமார் 460 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைக் குன்று, அதன் மேல் காடு. கடல்நீர் பாறை வெடிப்புகள் வழியாகத்தான் உள்ளே வந்து போகிறது. கடல் மட்டம் உயர்ந்து இந்தப் பள்ளம் நிரம்பி ஏறத்தாழ 12,000 ஆண்டுகள் ஆகின்றன என்பது கணக்கு. அன்று உள்ளே சிக்கிய ஜெல்லி மீன்களின் வம்சம்தான் இன்றைக்கு நாம் பார்ப்பது. இந்தப் பாறைத் தீவுக் கூட்டம் 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கொட்டவே கொட்டாது என்பது விளம்பர வாசகம். கொட்டும் செல்கள் இவற்றுக்கும் உண்டு, ஆனால் நம் தோலில் உறைக்கும் அளவுக்கு வீரியம் இல்லை. உதடு, கண் ஓரம் போன்ற மெல்லிய தோலில் லேசான குறுகுறுப்பு வரலாம், வந்தாலும் சீக்கிரம் அடங்கிவிடும். சென்னைக் கடற்கரையில் சொறி மீன் பட்டுக் கை தடித்தவர்கள் முதல் சில நிமிடம் உடம்பை இறுக்கிக்கொள்வது இயல்பு. கையில் ஒன்று உரசிப் போகும்போது தோல் உரித்த நுங்கு வழுக்குவது போல இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஏற்கெனவே ஜெல்லி மீன் பட்டுக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இரண்டு வகை இருக்கின்றன. கண்ணாடி போல வெளிறித் தெரிவது நிலா ஜெல்லி. நாம் காசு கொடுத்துப் பார்க்கப் போவது பொன்னிற ஜெல்லி. இதன் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் சமைக்கிறது, ஜெல்லி மீன் அதில் பங்கு வாங்கிக்கொள்கிறது, மிச்சத்துக்கு நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்கிறது. பாசிக்கு வெயில் வேண்டும் என்பதால் கூட்டம் முழுவதும் சூரியனுக்குப் பின்னால் ஓடுகிறது. விடியற்காலையில் ஏரியின் மேற்குப் பக்கம் இருக்கும். சூரியன் ஏற ஏறக் கிழக்கு நோக்கி நீந்தி வந்து, கிழக்குக் கரை மரங்களின் நிழல் விழும் கோட்டுக்கு முன்னால் நின்றுவிடும். நிழலைத் தாண்டாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்தக் கரையோரம் ஜெல்லி மீனைப் பிடித்துத் தின்னும் வெள்ளைக் கடல் அனிமோன்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிற்பகலில் திரும்ப மேற்கே நகரும். இரவில் கீழே இறங்கிப் பாசிக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொண்டு மேலே வரும்.

டூர் நேரத்தைத் தேர்ந்தெடுக்க இதைவிட வேறு தகவல் தேவையில்லை. முற்பகலில் கூட்டம் நிழல் கோட்டை ஒட்டி நெருக்கமாக இருக்கும். அனுபவம் உள்ள கைடு படித்துறையில் உங்களை இறக்கிவிட்டு "அங்கே பாருங்கள்" என்று கை காட்ட மாட்டார், நிழல் விழும் விளிம்பைப் பார்த்து நேராகக் கூட்டிப் போவார். உச்சி வெயிலில் கூட்டம் பரவலாகிவிடும். வானம் மூடியிருந்தால் சிதறிக் கிடக்கும். பல டூர்கள் ஏரியை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கின்றன, காலை நெரிசலைத் தவிர்ப்பதாகச் சொல்வார்கள். அது அவர்கள் வசதி. ஏரியை முதலில் பார்த்துவிட்டு, 'பால் வீதி' என்று அழைக்கப்படும் வெள்ளைச் சேற்றுக் குளியலையும் பவளப் பாறைகளையும் பிறகு வைக்கும் டூராகக் கேட்டு வாங்குங்கள்.

பருவம் என்று மேலே சொன்னது மாதக் கணக்கு அல்ல. 1998 எல் நினோவின்போது (பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் காலம் அது) வெப்பம் ஏறிப் பொன்னிற ஜெல்லி முழுவதும் மறைந்தது. ஏரியின் அடியில் ஒட்டி வாழும் அதன் 'பாலிப்' என்னும் இளநிலை உயிரிகள் மட்டும் பிழைத்து, அவற்றிலிருந்து புதுத் தலைமுறை மொட்டு விட்டு 2000இல் கூட்டம் மீண்டது. 2016இல் எல் நினோவோடு வறட்சியும் சேர்ந்து ஏரியின் உப்பு கூடியபோது மறுபடி சரிந்தது. சுற்றுலாவையே நிறுத்தி வைத்து, 2019 தொடக்கத்தில்தான் திறந்தார்கள். ஆகவே எல் நினோ ஆண்டிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் டிக்கெட் போடுவதற்கு முன் கொரோரில் உள்ள டைவ் கடைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "ஜெல்லி மீன் இருக்கிறதா" என்று கேட்டால் எப்போதும் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எடுத்த படம் அனுப்ப முடியுமா, பெரியது எத்தனை, குட்டி எத்தனை" என்று கேளுங்கள். குட்டிகள் நிறைய, பெரியவை குறைவு என்றால் கூட்டம் இப்போதுதான் மீண்டுவருகிறது என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் போனால் நகம் அளவு குட்டிகளை நாமே கை கால் அடித்து நசுக்கிவிடும் ஆபத்தும் அதிகம்.

கொரோரிலிருந்து வேகப் படகில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். தீவுகளுக்கு இடையே ஓடுவதால் அலை அதிகம் இருக்காது, குமட்டுபவர்கள்கூடப் பெரும்பாலும் தாக்குப்பிடிப்பார்கள். இறங்கியதும் குன்றைத் தாண்ட வேண்டும். தூரம் கொஞ்சம்தான், பத்து நிமிட வேலை. ஆனால் செங்குத்து, மழை பெய்தால் சுண்ணாம்புக் கல் வழுக்கும். பிடித்து ஏறக் கயிறு உண்டு. கயிற்றை மட்டும் பிடியுங்கள். அந்தக் காட்டில் நம் ஊர்ச் சேராங்கொட்டை இனத்தைச் சேர்ந்த மரம் ஒன்று இருக்கிறது, அதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். ரப்பர் செருப்பு இந்தப் பாதைக்கு ஆகாது, அடியில் பிடிப்புள்ள தண்ணீர் ஷூ வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் அவர்கள் படகிலேயே உட்கார்ந்திருக்க நேரிடலாம். அவர்களுக்கும் சேர்த்து ஏரிப் பெர்மிட் வாங்கி வைக்காதீர்கள்.

தண்ணீருக்குள் ஷூ, மாஸ்க், ஸ்நார்கல் (மூச்சுக் குழாய்) எல்லாம் நல்ல தண்ணீரில் அலசிய பிறகே போக வேண்டும். வெளிக்கடல் உயிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் மூடிய ஏரிக்கு அது போதும். அப்படி வந்து சேர்ந்த அனிமோன் ஒன்று படித்துறைப் பக்கம் ஏற்கெனவே பரவியிருக்கிறது.

சிலிண்டர் கட்டி முழுகத் தடை. குமிழி ஜெல்லி மீனுக்குள் புகுந்தால் உடம்பு கிழியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று மனிதருக்கானது: சுமார் 15 மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜனே இல்லை. மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் கலப்பதில்லை. நடுவில் இளஞ்சிவப்பு பாக்டீரியாப் படலம், அதற்கு அடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கரைந்த தண்ணீர். அந்த நச்சு தோல் வழியாகவே உடம்பில் ஏறும். மூச்சைப் பிடித்து முழுகத் தெரிந்தவர்கள் நான்கைந்து மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காட்சியும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

நீச்சல் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் தருவார்கள். அதில் ஒரு தொல்லை: ஜாக்கெட் உங்களை நிமிர்த்தி நிற்க வைக்கும், கால் கீழே தொங்கும், பயத்தில் சைக்கிள் மிதிப்பது போல அடிப்பீர்கள். அந்த உதையில்தான் அதிக ஜெல்லி மீன் கிழிகிறது. வாரை இறுக்கிக் கட்டி, குப்புறப் படுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, இடுப்புக்குக் கீழே அசையாமல் கைகளால் மட்டும் மெதுவாகத் துழாவிப் போக வேண்டும். கால் துடுப்பு போடாமல் இருப்பதே மேல். இதைச் சென்னையிலேயே பழகிவிடுங்கள். உங்கள் பக்கத்து நீச்சல்குளத்தில் ஸ்நார்கல் கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, வாயால் மட்டும் மூச்சு விடுவதும் குழாயில் புகுந்த தண்ணீரை ஊதித் தள்ளுவதும் வரும்வரை போய் வாருங்கள். ஏரியில் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றால் நேரம் முழுவதும் இருமலில் போகும்.

மாஸ்க் விஷயத்தில் நம் ஆண்களுக்கு எதிரி மீசை. மூக்குக்கு அடியில் ரப்பர் பதியும் இடத்தில் மயிர் இருந்தால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மீசையின் மேல் விளிம்பில் மூக்கை ஒட்டி ஒரு மெல்லிய கோடு மழித்தால் போதும், முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. வாசலின் தடவும் வைத்தியம் வேண்டாம், அது ஏரித் தண்ணீரில்தான் போய்ச் சேரும். கண்ணாடி அணிபவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது, இல்லையென்றால் எதிரே இருப்பது மஞ்சள் புகையாகத்தான் தெரியும். புது மாஸ்க்கை உள்பக்கம் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவினால் ஆவி படிவது குறையும்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள். முந்தின இரவே அலசிவிடுங்கள். சன்ஸ்கிரீனைப் பொறுத்தவரை 2020 ஜனவரி முதல் பலாவில் சட்டமே இருக்கிறது: ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட ரசாயனங்கள் சேர்த்தவை தடை, கொண்டுபோனால் பறிமுதல் செய்யலாம். நம் கடைகளில் விற்கும் பலவற்றில் இவற்றில் ஒன்று இருக்கும், டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஏரிக்கு எதுவுமே தடவாமல் முழுக்கை ரேஷ் கார்டும் (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) லெக்கிங்ஸும் போடுவதுதான் சரி. பருத்திச் சுடிதார் தண்ணீர் குடித்து இழுக்கும், துப்பட்டா கூடவே கூடாது. மோதிரம், வளையல் ஜெல்லி மீனைக் கிழிக்கும், கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலியை ரேஷ் கார்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். படம் எடுக்க ஆசைப்பட்டு ஜெல்லி மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்குபவர்களை ஏரியிலிருந்தே வெளியேற்றினாலும் தப்பில்லை. தூக்கியதும் உள்ளே காற்று புகுந்து, அது மறுபடி நேராக நீந்தாது. கேமராவைக் கீழிருந்து மேலே, சூரியன் பக்கம் காட்டுங்கள். பின்னொளியில் குடையும் எட்டுக் கைகளும் பொன்னாக வரும். மேலிருந்து கீழே எடுத்தால் பச்சை மட்டும்தான்.

செலவுக்கு வருவோம். ஏரியும் பாறைத் தீவுகளும் சேர்ந்த கொரோர் பெர்மிட் ஆளுக்கு 100 டாலர், 10 நாள் செல்லும். ஏரி இல்லாத பெர்மிட் 50 டாலர். டூர் கட்டணம் இதற்கு மேல். சென்னை முகவர்கள் தரும் பேக்கேஜில் பெர்மிட் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், பெரும்பாலான தகராறு இங்கேதான். இன்னொரு 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் விமான டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும், அதைத் தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த ஊர் நாணயமே அமெரிக்க டாலர், சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். நேரடி விமானம் கிடையாது. தைபே, மணிலா வழியாகப் போகலாம். குவாம் வழி மலிவாகத் தெரிந்தால் ஏமாறாதீர்கள், அது அமெரிக்க மண், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். குடியேற்றச் சோதனையில் சுற்றுச்சூழல் உறுதிமொழி முத்திரை குத்திக் கையெழுத்து வாங்குவார்கள், தயங்காமல் போடுங்கள். படகில் வரும் மதியச் சாப்பாடு பெரும்பாலும் மீனோ கோழியோ வைத்த பெட்டி. சைவம் என்றால் முதல் நாளே சொல்லி, அதோடு முட்டை, மீன் சாஸ் கூடாது என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

பட்ஜெட் இடித்தால் இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் உள்ள காகபான் தீவு ஏரியைப் பாருங்கள். ஜகார்த்தா, பாலிக்பாப்பன், பெராவ் என்று மாறி மாறிப் போய், பிறகு சாலை, பிறகு படகு. அலைச்சல் கூடுதல், பணம் குறைவு. ஏரி பலாவைவிடப் பல மடங்கு பெரிது. நான்கு வகை ஜெல்லி மீன் உண்டு, தலைகீழாகத் தரையில் படுத்துக் கிடக்கும் வகை உட்பட. கால் துடுப்புக்கு அங்கே தடை. அங்கும் எண்ணிக்கை ஏறி இறங்கும், எனவே அதே மின்னஞ்சல், அதே கேள்விகள். பலாவில் பவளப் பாறையும் சுறாவும் சேர்த்து ஒரு வாரம் தங்கப் போகிறவர்களுக்கு ஏரி பெர்மிட் வாங்கச் சொல்வோம். ஏரி ஒன்றுக்காக மட்டும் கிளம்புபவர்கள் காகபானுக்கே போகலாம்.