அடுத்த தடவை எவ்வளவு மோசமாகும்? பழ அலர்ஜிப் பரிசோதனைகள், ஓர் அலசல்

அக்கா மகளுக்குப் பதினாலு வயசு. இலங்கை மலைநாட்டில் நானுஓயாப் பக்கம், அவர்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு பீச் மரம் நிற்கிறது. பழம் தின்றால் அவளுக்கு வாயும் உதடும் அரிக்கும். "வாய்தானே மாமா, கொஞ்ச நேரத்துல சரியாயிரும்" என்று இரண்டு வருஷம் ஓட்டினாள். போன சீசனில் இரண்டு பழத்தைத் தோலோடு தின்றுவிட்டுப் பள்ளிக்கூடத்து மேட்டில் விறுவிறுவென்று ஏறியவள், பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சில் இழுப்பு. ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் போட்ட பிறகுதான் முகம் தெளிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கேள்வி: அடுத்த தடவை எப்படி இருக்கும்? நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் பதில் என் கையில் இருக்கும் என்று அக்கா நினைத்தாள். இல்லை. ஆனால் பதில் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் பரிசோதனைகள் பல இருக்கின்றன. அவளுக்காக ஒவ்வொன்றாக விசாரித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "அலர்ஜி இருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "வந்தால் எவ்வளவு மோசமாக வரும்?" என்பது வேறு கேள்வி. பெரும்பாலான பரிசோதனைகள் முதலாவதற்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதற்கும் சொன்ன மாதிரி நடிக்கும்.

தோலில் குத்திப் பார்ப்பதையும் இரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதம்) அளப்பதையும்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தோல் பரிசோதனையில் பழச்சாரத்தின் ஒரு துளியை முன்கையில் வைத்துக் குத்துவார்கள். 15, 20 நிமிடத்தில் விடை தெரியும். வெறும் திரவம் குத்திய இடத்தைவிட 3 மில்லிமீற்றர் பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். மலிவு, வேகம். குறை என்னவென்றால், சிட்ரிசின், பிரிட்டோன் மாதிரி அலர்ஜி மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். பனிக்கும் தூசிக்கும் மூக்கு ஒழுகுகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு தண்டனை. இரத்தப் பரிசோதனைக்கு அந்தத் தொல்லை கிடையாது. மாத்திரை போட்டுக்கொண்டே கொடுக்கலாம். 0.35 அலகு என்பது பழைய எல்லைக்கோடு, அதற்கு மேலே போனால் பாசிட்டிவ்.

இந்த இரண்டில் பழத்துக்கு எது நல்லது? இரண்டையும்விடப் பழத்தையே கொண்டுபோவதுதான் நல்லது. போத்தலில் வரும் பழச்சாரத்தில் சில புரதங்கள் சிதைந்துபோயிருக்கும். அதனால் ஊசியைப் பச்சைப் பழத்தில் குத்தி, அதே ஊசியால் தோலில் குத்துகிற முறை ஒன்று உண்டு. அக்கா மகளுக்கு அதைத்தான் செய்தார்கள். அக்கா ஒரு சீலைப்பையில் நாலு பீச்சை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனது, யாரையோ பார்க்கப் பழம் வாங்கிப் போன மாதிரி இருந்தது.

தடிப்பு பெரிதாகத்தான் வந்தது. "அப்ப ரொம்ப ஆபத்தா டொக்டர்?" என்று அக்கா கேட்டாள். இல்லை என்று டொக்டர் தலையை ஆட்டினார். தடிப்பு பெரிதானால், இரத்தத்தில் எண் உயர்ந்தால், அலர்ஜி உண்மையானது என்ற நம்பிக்கைதான் கூடுகிறது. வரப்போகும் தாக்கத்தின் கடுமையை அது அளப்பதில்லை. பெரிய எண் உள்ளவருக்கு வாய் அரிப்போடு நிற்கலாம், சின்ன எண் உள்ளவர் மயங்கி விழலாம்.

கடுமையைப் பற்றி ஓரளவாவது பேசுகிற பரிசோதனை, பழத்தை முழுதாகப் பார்க்காமல் அதிலுள்ள புரதங்களைத் தனித்தனியாகப் பார்ப்பது. பீச்சில் ப்ரூ பி 1, ப்ரூ பி 4 என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. சூட்டிலும் வயிற்று அமிலத்திலும் உடைந்துபோகும் பலவீனமான ஜாதி. பெரும்பாலும் வாயோடு விஷயம் முடிந்துவிடும். ப்ரூ பி 3 அப்படியில்லை. கொதிக்க வைத்தாலும் சாகாது, வயிற்றையும் தாண்டிப் போய் இரத்தத்தில் கலக்கும். சதையைவிடத் தோலில் பல மடங்கு அதிகம். உடம்பு முழுக்கத் தாக்குவது பெரும்பாலும் இதனால்தான். ப்ரூ பி 7 என்று இன்னொன்றும் உண்டு. அதுவும் முகம் வீங்க வைக்கும், தொண்டையை இறுக்கும். தென் பிரான்ஸில் சைப்ரஸ் மகரந்த அலர்ஜி உள்ளவர்களிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். நுவரெலியாவில் சைப்ரஸ் மரங்களைப் பார்த்தாலே எனக்கு இப்போது அந்த நினைப்பு வருகிறது.

ஆனால் இணையத்தில் வரும் பழ அலர்ஜிக் கட்டுரைகளில் பாதி, பேர்ச் மரம் வளர்கிற வட ஐரோப்பாவுக்கு எழுதப்பட்டவை. அந்த மகரந்தத்தால் வரும் வாய் அரிப்புதான் அங்கே வழக்கம். "பழ அலர்ஜி என்றால் வாய் அரிப்பு, பயப்பட வேண்டாம்" என்ற அந்த ஆறுதலை அப்படியே மலைநாட்டுக்குக் கொண்டுவர முடியாது.

அக்கா மகளின் இரத்தத்தை வெளியே அனுப்பினோம். ப்ரூ பி 3 பாசிட்டிவ். வாய் அரிப்பில் தொடங்கினாலும் இது வாயோடு நிற்கிற வகையில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இதுவும் முழுத் தீர்ப்பில்லை. ப்ரூ பி 3 பாசிட்டிவாக இருந்தும் பீச்சைத் தின்று சும்மா இருப்பவர்கள் உண்டு.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரத்தத்தில் உள்ள பேசோபில் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களைப் பழப்புரதத்தோடு சேர்த்து அவை எப்படிக் கொதிக்கின்றன என்று பார்ப்பது ஒரு முறை. நிலக்கடலை ஆய்வுகளில் கடுமையோடு ஓரளவு பொருந்தியிருக்கிறது. ஆனால் இரத்தம் புதிதாக இருக்க வேண்டும், ஒரு நாளைக்குள் விசேஷ இயந்திரத்துக்குப் போக வேண்டும். மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸை நம்பி இதை யோசிக்காதீர்கள். இன்னொன்று, ஆஸ்பத்திரியில் டொக்டர் முன்னால் பழத்தைச் சிறு துண்டாகக் கூட்டிக் கூட்டித் தின்னக் கொடுப்பது. அலர்ஜி உண்டா என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. என்றாலும் முதல் அறிகுறியிலேயே நிறுத்திவிடுவார்கள். கட்டிலில் உட்கார்ந்து தின்பதும் தின்றுவிட்டு மேடு ஏறுவதும் ஒன்றாகுமா?

ஒன்றை மட்டும் வாங்கவே வேண்டாம். டவுனில் ஒரு லேப்பில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி (ஐஜிஇ அல்லாத வேறொரு எதிர்ப்புப் புரதம்) பார்த்துத் தருகிறோம் என்றார்கள். அக்கா அரை மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள். அறிக்கையில் அரிசி, பால், பருப்பு எல்லாம் சிவப்பு. ஐஜிஜி என்பது நாம் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கு அடையாளம், அலர்ஜிக்கு அல்ல. உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இதைச் செய்யக் கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும்விட அதிகம் சொன்னது, காசு செலவில்லாத ஒன்று: டொக்டர் கேட்ட கேள்விகள். ஜாம் தின்றால் என்ன ஆகும்? தோல் சீவித் தின்றால்? மற்றப் பழங்கள், கொட்டைகள்? சமைத்ததும் தாக்கினால் பலமான புரதம், பச்சைக்கு மட்டும் என்றால் பலவீனமான புரதம் என்று லேப் இல்லாமலே ஒரு ஊகம் கிடைக்கிறது. (தெரிந்துகொள்ள வீட்டில் தின்று பார்க்காதீர்கள். ஏற்கெனவே நடந்ததைத்தான் கேட்கிறார்கள்.) பலூன் ஊதினால், ரப்பர் கையுறை பட்டால் அரிக்கிறதா என்றும் கேட்டார். ரப்பர் பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு வாழைப்பழம், ஆனைக்கொய்யா, கிவி ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் பால் வெட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். மாங்காய்ப் பால் பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து உதடு கொப்பளிப்பது தனிக் கதை. அதற்குத் தோலில் குத்திப் பார்த்துப் பயனில்லை.

பிறகு என்னை வெளியே நிற்கச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து அக்கா வந்து சொன்னாள். அன்று பிள்ளைக்கு மாதவிடாய். வயிற்றுவலிக்கு ஐபுபுரோபன் போட்டிருக்கிறாள். காலைச் சாப்பாடும் இல்லை. மாமாவிடம் இதை எப்படிச் சொல்வாள்? ஓட்டம், இந்த வகை வலிமாத்திரை, மது, காய்ச்சல், மாதவிடாய், வெறும் வயிறு, தூக்கமின்மை இவை சேரும்போது அதே பழம் அதே ஆளைப் பல மடங்கு மோசமாகத் தாக்கும். ப்ரூ பி 3 காரருக்கு இது இன்னும் கூடுதல். இரண்டு வருஷம் வாய் அரிப்போடு நின்றது அன்று ஏன் மூச்சுக்குப் போனது என்பதை எந்த லேப் தாளும் சொல்லவில்லை. கொழுந்து மலைக்கு ஏறுமுன் உடம்பு வலிக்கு மாத்திரை போடும் பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

என் வரிசை இதுதான். முதலில் தனியாக, ஆறுதலாகக் கேட்கப்பட்ட கேள்விகள். இழுப்பு நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதும் அதற்குள் அடங்கும். அது கட்டுப்படாதவருக்கு ஆபத்து அதிகம். அடுத்து, கையோடு கொண்டுபோன பழத்தால் தோல் குத்தல். மூன்றாவதாக, கையில் காசிருந்தால், புரதப் பரிசோதனை. பழைய தாக்கம் லேசானது என்பதை மட்டும் வைத்து அடுத்ததும் லேசாகும் என்று எண்ணுவது எல்லாவற்றிலும் மோசமான கணிப்பு. நாங்கள் இரண்டு வருஷம் செய்தது அதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிரித்தானியாவில் இப்படி இறந்தவர்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வில், உணவால் தாக்கம் வந்து மூச்சோ இதயமோ நிற்கும் நேரத்தின் நடு அளவு 30 நிமிடம். எங்கள் லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வரவே மழைநாளில் அவ்வளவு ஆகும். அதனால் கடுமை எப்படி இருந்தாலும் திட்டம் ஒன்றுதான்: 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைப்பது, பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துவது, மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார வைப்பது, எழுந்து நடக்க விடாமலிருப்பது. பிரிட்டோன் அரிப்பைத் தணிக்கும், மூச்சைக் காப்பாற்றாது. அட்ரினலின்தான் காப்பாற்றும். அதை வீட்டில் வைத்திருப்பது பற்றி டொக்டர் அக்காவுக்குத் தனியாகப் பழக்கிக் கொடுக்கிறார்.

மரத்தை வெட்டிவிடலாமா என்று அக்கா போன வாரம் கேட்டாள். தேவையில்லை என்றார் டொக்டர். ஆனால் பழம் பறிக்கிற வேலை இனித் தம்பிக்கு. பீச் தோலின் பூ மயிரிலும் அந்த ப்ரூ பி 3 புரதம் இருக்கிறதாம், கையில் பட்டாலே அவளுக்குத் தடிக்கலாம். "அப்ப பழத்தை யாரு திங்கிறது?" என்றாள் அவள். "நான்தான்" என்றான் தம்பி. இரண்டு பேருக்கும் அன்று இரவு வரை சண்டை.