கைபரா, சான் ட்ரோபேயா? இரண்டு பழைய படங்களில் பிரதிநிதித்துவம்

பழைய ஐரோப்பியப் பாலியல் நகைச்சுவைகளில் பிரதிநிதித்துவத்தைப் பற்றி, அதாவது யார் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேச ஒரு படத்தைத்தான் திரையிட முடியும் என்றால், ‘கேரி ஆன் அப் த கைபர்’ (1968), ‘லா காஜ் ஓ ஃபோல்’ (1978) இரண்டில் எது?

முதலாவது 1895-இன் பிரிட்டிஷ் இந்தியாவில் நடக்கிறது. மலைக்காட்சிகள் வேல்ஸின் ஸ்னோடோனியாவில் எடுத்தவை. கலபார் என்ற கற்பனை நாட்டின் மன்னர் ‘காசி’யாக (ஆங்கிலக் கொச்சையில் ‘கழிப்பறை’) கென்னத் வில்லியம்ஸ், பங்டிட் டின்னாக பெர்னார்ட் பிரஸ்லா: முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய வெள்ளையர்கள். ஆங்கிலேய அதிகாரிகளையும் படம் நன்றாகவே கிண்டலடிக்கிறது. ஆனால் இந்தியப் பாத்திரத்தின் பெயரே கேலியாகிவிட்டால், அவருக்கென்று ஓர் ஆசையோ அவமானமோ எழுத இடமில்லை.

பிரான்ஸின் சான் ட்ரோபேயில் நடக்கும் ‘லா காஜ்’ என்ற பிரெஞ்சு-இத்தாலியப் படத்தில் ரெனாட்டோவும் ஆல்பினும் பல்லாண்டு சேர்ந்து வாழும் ஆண் இணை. ஆல்பினின் பெண்மைச் சாயலைப் பார்த்துச் சிரிக்க வைத்தாலும், அவர் புண்படுவதை ஆல்பினாக வரும் மிஷேல் செரோ முழுமையாக நடித்துக் காட்டுகிறார். 1979-இல் பிரான்ஸின் செசார் திரைப்பட விருதும் பெற்றார். இறுதியில் பெண் வேடமிட்டுத் தப்ப வேண்டியவர் ரெனாட்டோவின் மகனுக்கு மாமனாராக வரவிருக்கும், ஒழுக்கம் பேசும் அரசியல்வாதிதான். குறை, வேலைக்காரர் ஜேக்கப்: பென்னி லூக் என்ற கறுப்பின நடிகருக்கு அரைகுறை ஆடையும் கோமாளித்தனமும் மட்டுமே.

‘லா காஜ்’ஐத் திரையிடுங்கள், ஜேக்கப் வரும் காட்சிகளை விவாதத்தில் தவறவிடாதீர்கள்.