பழைய ஃபிலிம் கேமராவை ‘செக் பண்ணி வைக்கிறேன், விட்டுட்டுப் போங்க’ என்றால் விடாதீர்கள்

சென்னையில் பழைய கேமரா வாங்கி விற்கும் ஒரு கடையில் எங்களுக்கு நடந்தது இது. கடைப் பெயரைப் போடப் போவதில்லை. அங்கே செய்த வேலையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பாவிடம் ஒரு நிக்கான் எஃப்எம்2 இருக்கிறது, 50 எம்எம் 1.4 லென்ஸோடு. 1988இல் சிங்கப்பூரிலிருந்து வந்தவர் ஒருவரிடம் வாங்கியது. கும்பகோணம் வட்டாரத்துக் கல்யாணங்கள் பாதி அதில்தான் பதிவாயின. கை நடுக்கம் வந்தபின் பீரோவுக்குள் போய்விட்டது. “பூஞ்சை பிடிச்சு வீணாப் போறதுக்கு வித்துடலாம்டா” என்றாள் அக்கா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என்ன நிலைமையில் இருக்கிறது என்று தெரிந்தால் வைத்துக்கொள்வதா, விற்பதா என்று முடிவெடுக்கலாமே என்று கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் கையில் வாங்கி, கண்ணில் வைத்து, பட்டனைத் தொட்டுவிட்டு, “மீட்டர் டெட் சார்” என்றார்; வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைத்தான் சொன்னார். இந்த மாடலில் ரோல் சுற்றும் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் பட்டனே அமுங்கும். அதைப் பாதி அமுக்கினால்தான் மீட்டரின் சிவப்பு விளக்கு எரியும். லீவர் உள்ளே மடங்கியிருந்தால் எல்லாம் செத்த மாதிரிதான் இருக்கும். பழைய நிக்கான் விற்றே பிழைப்பவருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. போனில் அப்பாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார்.

ஆனால் அதற்குள் கேமராவைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். “காசு வேணாம், முழுசா செக் பண்ணி வைக்கிறேன், நாளைக்கு வாங்க” என்று கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார். அதில் எழுதியிருந்தது: ‘நிக்கான் கேமரா – 1’. வேறு எதுவும் இல்லை.

மறுநாள் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல் ஓடியிருந்தது. “ஃபங்கஸ் கோட்டிங்கைத் தின்னுடுச்சு. சர்வீஸுக்கு ஒம்போதாயிரம் ஆகும். அதுக்கு மேல உங்க இஷ்டம். கோடாக்கே திவாலாயிடுச்சு, ரோலுக்கு எங்க சார் போவீங்க? ரெண்டாயிரத்து ஐநூறு தர்றேன், குடுத்துடுங்க.” ரோல் தயாரிக்கும் கோடாக் கம்பெனி 2012இல் திவால் மனு கொடுத்தது உண்மை. அடுத்த ஆண்டே அதிலிருந்து வெளியே வந்ததும், அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இன்றும் ரோல் தயாராவதும் உண்மை. இவர் பின்பாதியைச் சொல்லவில்லை. அவர் தலைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் இதே மாடல், லென்ஸ் இல்லாத வெறும் பாடி, இருபதாயிரத்துக்கு மேல் விலைச் சீட்டோடு நின்றது.

கேமராவை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா ஸ்டுடியோ கணக்கு நோட்டை எடுத்தார். தொழிலில் இருந்தபோது மற்ற போட்டோகிராபர்களுக்கு இரவல் கொடுப்பது உண்டு என்பதால் பாடி எண், லென்ஸ் எண் இரண்டையும் எழுதி வைத்திருந்தார். பாடி எண் சரி. லென்ஸ் எண் வேறு. அதே மாடல், அதே 1.4, ஆனால் எங்களுடையது இல்லை. லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருந்த ஸ்கைலைட் ஃபில்டர் கண்ணாடி மட்டும் எங்களுடையது; ஓரத்தில் நசுங்கல் உள்ள அதே ஃபில்டர். அதைக் கழற்றி ஃபங்கஸ் பிடித்த லென்ஸில் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்துப் பழகிய ஃபில்டர் முன்னால் இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

நோட்டோடு போய் நின்றேன். முதலில் “எங்க கடையில அப்படி நடக்காது”. பக்கத்தைப் பிரித்துக் காட்டியதும் “பசங்க மாத்தி மாட்டியிருப்பாங்க”. உள்ளே போய் வந்தவர் கையில் எங்கள் லென்ஸ். டார்ச் அடித்தால் ஓரத்தில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் இல்லை, இலவசம் என்ற செக்கிங்குக்கு ஐநூறு ரூபாய் கேட்டார். கொடுக்கவில்லை.

கொண்டுபோகும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை நிறைய. எஃப்எம்2இல் ரோலுக்கு முன்னால் திறந்து மூடும் திரையான ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். அடியில் இரண்டு எல்ஆர்44 பட்டன் பேட்டரி போட்டு மீட்டரைப் பாருங்கள். ரோல் இல்லாமல் பின்கதவைத் திறந்து, ஷட்டர் வேகத்தை ஒரு செகண்டில் வைத்து அமுக்கி, திரை திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். பிறகு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். திரையில் மட்டும் விரல் படக் கூடாது, அது காகிதம் போல மெல்லியது. லென்ஸைக் கழற்றி, வெளிச்சம் புகும் துவாரமான அபர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் ஃபங்கஸ் சிலந்தி வலையாகத் தெரியும். பின்கதவு ஓரத்துக் கறுப்பு ஃபோம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் வெளிச்சம் உள்ளே புகாமல் தடுக்கும் லைட் சீல் போய்விட்டது. எங்களுடையதில் உண்மையான பழுது அது ஒன்றுதான். ஊரிலேயே ஒரு பழைய மெக்கானிக் கண் முன்னால் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். தோல் உறையைத் தூக்கிப் போடச் சொன்னதும் அவர்தான்; ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்ப்பதே அதுதானாம்.

கேமராவை விற்கவில்லை. ரோல் விலை, கழுவி ஸ்கேன் செய்யும் கூலி எல்லாம் சேர்த்தால் இப்போது ஒரு கிளிக் நாற்பது ரூபாயைத் தாண்டுகிறது. அடிக்கடி எடுக்க முடியாதுதான். அது நாங்கள் கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அதே பொருளை வாங்கப் பார்க்கிற ஆள், வைத்துக்கொள்ளலாமா என்று நமக்குச் சொல்லக்கூடாது.

விற்பதென்றாலும் சரி, சர்வீஸுக்கு என்றாலும் சரி, இரண்டு எண்ணையும் செல்போனில் படம் எடுங்கள். சீட்டிலும் எழுதி வாங்குங்கள். எழுதமாட்டேன் என்றால் அடுத்த கடை. எஃப்எம்2 பாடி எண் பின்பக்கம் வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். எங்கள் லென்ஸில் எண் முன்வளையத்தில் இருந்தது. மற்ற சில லென்ஸ்களில் பக்கவாட்டிலோ, பாடியில் மாட்டும் மவுண்ட் ஓரத்திலோ இருக்கும். ஏற்கெனவே எங்காவது கொடுத்து வாங்கியவர்கள் பழைய பில்லையோ கியாரண்டி அட்டையையோ தேடி எடுத்து, இன்றே ஒத்துப் பாருங்கள்.