சூரையின் சொந்தக்கார மீனுக்கு ஃபிளையா, ஸ்பின்னிங்கா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தீவான மார்த்தாஸ் வின்யார்டுக்கு செப்டம்பரில் ஃபால்ஸ் அல்பகோர் என்ற மீன் வரும். நம்மூர் சூரைக்கு நெருங்கிய சொந்தம். கரையில் நின்றே பிடிக்கலாம். ஆனால் மீன்கூட்டம் கண்முன் கொதித்துவிட்டு அடுத்த நிமிடமே காணாமல் போகும்.

இரையின் கனத்தாலேயே எறியும் ஸ்பின்னிங் ராடில் (தூண்டில் கோலில்) 20 கிராம் உலோகப் போலி இரை கட்டினால் எதிர்காற்றிலும் தூரமாகப் போகும். அந்தத் தீவின் மெனெம்ஷா துறைமுகக் கற்சுவரில் முதன்முதலாக நிற்பவருக்கு அதுதான் சரி.

ஃபிளை என்பது இழையால் கட்டிய, கனமே இல்லாத போலி இரை; தடித்த லைனின் (தூண்டில் கயிற்றின்) கனம்தான் அதைச் சுமந்து போகும். அதில் 25 மீட்டர் எறிந்தாலே பெரிது. காற்று வலப்பக்கமிருந்து அடித்தால் கொக்கி காதோரம் பறக்கும். ஆனாலும் என் ஓட்டு ஃபிளைக்குத்தான். காரணம் இரை. அந்த மீன் துரத்துவது பெரும்பாலும் விரல் நீளத்துக்குள் அடங்கும், கண்ணாடி போன்ற நெத்திலியை. மெல்லிய இழையில் கட்டிய ஃபிளை அந்த அளவுக்கு அப்படியே பொருந்தும். கூர்மையான பார்வையுள்ள மீன், கனத்த உலோகத்தைப் பலமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

ஃபிளைக்கு 9 எண் ராட் (எண் லைனின் கனத்தைக் குறிக்கும்), மெதுவாகத் தாழும் இன்டர்மீடியட் லைன், ரீலில் அந்த லைனுக்குப் பின்னால் 200 கெஜம் பேக்கிங் (கூடுதல் நூல்) வேண்டும். ராடை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரு கையாலும் லைனை வேகமாக இழுக்க வேண்டும். இழுத்த லைன் விழ இடுப்பில் கூடை கட்டாயம், இல்லாவிட்டால் அலை அதைக் காலில் சுற்றிவிடும். நான் ஒரு மீனை அப்படித்தான் இழந்தேன். மீன் கடித்ததும் கூடையில் கிடந்த லைன் நொடிகளில் தீர்ந்து ரீல் அலறும்.

அப்புறம், பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விடும்போது தலை முன்னே போக, தண்ணீருக்குள் வேகமாகச் செலுத்துங்கள். செவுளுக்குள் நீர் பாய்ந்ததும் ஓடிவிடும்.