புது பேட்டரி போட்டும் எடுக்காத செல்ஃபும் ஒரு சின்ன மல்டிமீட்டரும்

வோல்ட், ஆம்பியர் அளக்கும் கையடக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை ஏழு மாதமாக என் 125 சிசி பைக்கில் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன்பு செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ரிலே சத்தம் மட்டும் வரும். ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். மாற்றினேன். இரண்டே வாரத்தில் பழைய கதைதான்.

மீட்டர் வந்ததும் முதலில் பேட்டரியைப் பார்த்தேன்: 12.7 வோல்ட். செல்ஃப் அழுத்தும்போதும் 11.5-க்குக் கீழே இறங்கவில்லை. அப்படியென்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் ஒயரில் கன்டினியூட்டி (ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) வைத்தேன், பீப் அடித்தது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். நாலு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். செல்ஃப் மோட்டாருக்கு வேண்டிய ஆம்பியர் அதில் போகாது.

சரி என்று மீட்டரின் ஒரு ப்ரோபை (தொட்டு அளக்கும் முனை) பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அழுத்தினேன். 3.4 வோல்ட்! எர்த் பாதையில் வீணாகும் வோல்ட் அது; அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றினால், ஒயர் முனையில் உள்ள உலோக வளையமான லக்குக்கு அடியில் பச்சையாகக் களிம்பு. உப்புத்தாளால் தாமிரம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்கினேன். மறுபடி பார்த்தால் 0.2. பைக் ஒரே அழுத்தில் எடுத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டதுதான் இன்னும் மனசை உறுத்துகிறது.

சார்ஜிங்கும் பார்த்தேன். இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கினால் 14.1, நன்றாகவே இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ப்ரோப் முனை தடிமன், கனெக்டரின் பின்பக்கம் நுழையாது. குண்டூசி செருகித்தான் அளக்கிறேன். திரையில் விளக்கு கிடையாது. மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் ப்ரோப் ஒயர் இருப்பதை மறந்து வோல்ட் பார்க்கப் போனால் பேட்டரியையே ஷார்ட் செய்கிறோம், அதைத் தடுக்க இதில் எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆம்பியர் பார்த்த கையோடு ஒயரைப் பிடுங்கி வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

இருந்தாலும் தயங்காமல் வாங்கலாம். அப்புறம், திரையின் மூலையில் பேட்டரிக் குறி வந்தால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை அன்றைக்கே மாற்றுங்கள். அது இறங்கினால் மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும்.