பினாங்கு ஈரக்காற்றில் பிளேயர் பியானோ: துருத்தி மாற்றி ஐந்து வருடம் கழித்து

ஆர்மோனியம் காற்றை ஊதும். காகிதச் சுருளின் ஓட்டைகளைப் பார்த்துத் தானே வாசிக்கும் பிளேயர் பியானோ உறிஞ்சும். இது பிடிபட்டால் பாதி ரிப்பேர் தெரிந்த மாதிரி. பெடலை மிதித்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். காகிதச் சுருளின் ஓட்டை பித்தளைச் சட்டத்தின் துளைக்கு நேரே வந்ததும் காற்று குழாய்க்குள் புகும். தோல் பை உப்பி வால்வைத் தூக்கும், அந்த நோட்டின் சின்னத் துருத்தி சுருங்கிச் சுத்தியலைத் தள்ளும். இப்படி 88 நோட்டுக்கும்.

ஒரு நோட்டு நிற்காமல் அடித்தால் குழாய் கழன்றிருக்கும் அல்லது வெடித்திருக்கும். சத்தமே இல்லையா, குழாயில் காகிதத் தூசு. அதைப் பம்பால் உறிஞ்சி எடுங்கள். ஊதினால் தூசு வால்வில் போய் உட்காரும். அடுத்தடுத்து அடிக்கத் திணறினால் கசிவுத் துளை, அதாவது பைக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் சின்னத் துளை, அடைப்பு. மெல்லிய கம்பி போதும், ஆனால் துளை பெரிதானால் நோட்டு பலமிழக்கும்.

துருத்தித் துணி மாற்ற வஜ்ஜிரம் (விலங்குத் தோலில் காய்ச்சும் பசை)தான். ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர், ஊறியதும் 60 டிகிரி சூடு. கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். நம்மூர் வெக்கைக்கு மறுநாளே நாறும், எனவே அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சி மீதியை ஃபிரிட்ஜில் வையுங்கள். 'ஈரத்துக்கு வஜ்ஜிரம் தாங்காது, வெள்ளைப் பசை போடு' என்பார்கள். ஐந்து வருடத்தில் ஒட்டு ஒன்றும் விடவில்லை; பூஞ்சை மட்டும் பிடித்தது, அதுவும் சுவரோரத் துருத்திகளில். வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறிவிடும். அடுத்த முறை துணியோடு மரநாரும் உரிந்து வரும். சிலிகான் அதைவிட மோசம், அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது.

குழாய்க்கு நியோப்ரீன் வாங்குங்கள். ரப்பர் இந்த வெக்கையில் இறுகி வெடிக்கும். உள்விட்டத்தை வெர்னியரில் அளந்துவிட்டு வாங்குவது நல்லது.

அடிப்பகுதியில் 25 வாட் சூடேற்றிக் கம்பி, துருத்திகளைத் தொடாத தூரத்தில். பியானோவுக்குள் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சை திரும்புவதில்லை.

கடைசிச் சோதனை: வேகம் காட்டும் டெம்போ முள்ளை 70இல் வைத்தால் காகிதம் நிமிடத்துக்கு 7 அடி ஓட வேண்டும்.

செப்டம்பர், அக்டோபர் மழையில் திடீரென்று பக்கத்து நோட்டு சேர்ந்தடித்தால் உடனே பியானோவைப் பிரிக்காதீர்கள். 11¼ அங்குலச் சுருள் ஈரத்தில் அகலவாக்கில் உப்பியிருக்கும். அங்குலத்துக்கு 9 துளை என்பதால் கொஞ்சம் நகர்ந்தாலே தப்பு. சுருளை ஏர்கான் அறையில் ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.