பெக்கம் பின்னல் கடை: காத்திருந்தாலும் அங்கேதான் போவோம்

என் வீட்டுக்காரர் நைஜீரியா, யோருபா குடும்பம். நான் தமிழ். மகள் பிறந்தது லண்டனில், முடி மட்டும் அப்படியே அப்பா, நெருங்கிய சுருள். தெற்கு லண்டனில் பெக்கம் பகுதியின் ரை லேன் தெருப் பக்கம் ஒரு சின்னப் பின்னல் கடைக்குத்தான் அவளைக் கூட்டிப் போகிறோம். எங்கே பின்னுகிறீர்கள் என்று என்னைப் போன்ற அம்மாக்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

வேலை சுத்தம். காய்ந்த தலையில் சீப்பு வைக்கவே மாட்டார்கள். தண்ணீர் தெளித்து, கண்டிஷனர் தடவி, பகுதி பகுதியாகப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல வேர்ப் பக்கம் வருகிறார்கள், வேரை விரலால் பிடித்துக்கொள்வதால் பிள்ளைக்கு இழுவை தெரிவதில்லை. நெற்றியோரத்தில் இறுக்கிப் பின்னச் சொல்லி நாமே கேட்டாலும் முடியாது என்றுவிடுவார்கள். அந்த இடம் ஓயாமல் இழுபட்டால் முடி கொட்டும், சில சமயம் திரும்ப முளைக்காமலே போய்விடும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், முடியைத் தாண்டி அவளுக்கு அங்கே கிடைப்பது. பின்னுகிறவர்கள் எல்லாரும் ‘ஆன்ட்டி’தான், வெறும் பெயர் சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரர்கூடத் திருத்துவார். பெரியவர்களைக் கண்டால் முழங்கால் மடக்க வேண்டும் என்று அப்பா வீட்டில் சொன்னபோது வெட்கப்பட்டு ஓடியவள், கடையில் தன் வயதுப் பிள்ளைகளைப் பார்த்துத் தானாகவே மடக்கினாள். அவள் வகுப்பில் இப்படி முடி அவளுக்கு மட்டும்தான்; இங்கே எல்லாத் தலையும் அவள் தலை. முடியெல்லாம் உச்சியில் போய்ச் சேருகிற ‘ஷுக்கு’ பின்னல் போட்ட அன்று நைஜீரியாவின் இபாதான் நகரில் இருக்கும் அப்பா வழிப் பாட்டியிடம் வீடியோவில் காட்டினாள். பாட்டி தலையைத் திருப்பச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், தன் பெண்களுக்கு யார் யார் பின்னினார்கள் என்று வெகுநேரம் கதை சொன்னார். அதற்கு முன் இருவரும் ‘நல்லா இருக்கியா’வைத் தாண்டியதில்லை.

பள்ளியில் ஏதாவது சொல்வார்களோ என்று தயங்க வேண்டாம். இயற்கைச் சுருள், பின்னல் இவற்றைத் தடுக்கும் பள்ளி விதி சட்டவிரோதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் 2022 அக்டோபரில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. பிரின்ட் எடுத்து வையுங்கள்.

குறை ஒன்றுதான், நேரம். அப்பாயின்ட்மென்ட் வாங்கினாலும் காக்க வைப்பார்கள், சனிக்கிழமை கேட்கவே வேண்டாம். வாரநாளில் பள்ளி விட்டதும் போங்கள், வீட்டிலேயே முடியை அலசிவிட்டு, பிள்ளைக்குச் சாப்பாடும் கட்டிக்கொண்டு.